வெள்ளைத் தாளாகத் தெரிந்த பத்தொன்பது ஃபைல்கள்

கம்ப்யூட்டர் சர்வீஸ் தொழிலில் எனக்கு எரிச்சல் மூட்டியது பெரிய ரிப்பேர்கள் இல்லை, ஐகான்கள்தான். ஹார்ட் டிஸ்க் செத்துப்போனால் செத்துப்போச்சு என்று சொல்லிவிட்டுக் கையைத் துடைத்துக்கொள்ளலாம். ஐகான் விவகாரம் அப்படி இல்லை. ஃபைல் நன்றாகத்தான் இருக்கும், திறந்தால் திறக்கும். மேலே இருக்கும் படம் மட்டும் தப்பாக இருக்கும். யாராவது ஒரு புரோகிராமைப் போட்டு, பிடிக்காமல் எடுத்திருப்பார்கள். அதன் படம் போயிருக்கும், பழைய படம் திரும்பி வந்திருக்காது. எல்லா ஃபைலும் ஒரே மாதிரி வெள்ளைத் தாளாக உட்கார்ந்திருக்கும். உடனே எனக்குப் போன் வரும். "சார், என் ஃபைலெல்லாம் வெள்ளையா ஆயிடுச்சு, எல்லாம் போச்சா?"

இதற்கு என்னிடம் மனப்பாடமாக ஒரு பதில் இருந்தது. "ஒண்ணும் போவல சார். பஸ்ஸுல போர்டு மாத்தாம வுட்டுட்டான்னு வெச்சுக்குங்க. போர்டுல திட்டக்குடின்னு இருக்கும், வண்டி பண்ருட்டிக்குப் போவும். உள்ள உக்காந்திருக்கறவங்க அப்படியேதான் இருப்பாங்க." 2004இல் கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு சின்னக் கடையில் உட்கார ஆரம்பித்தது முதல் இதை நான் நூறு பேருக்காவது சொல்லியிருப்பேன். ஊருக்கெல்லாம் சொன்னேனே தவிர, எனக்கு வேண்டிய நேரத்தில் அது உறைக்கவில்லை. அதனால் என் மாமாவின் குரல் போயிற்று. அக்கா வீட்டுக்காரரைத்தான் மாமா என்கிறேன். ஏற்கெனவே ஒருமுறை போன குரல். மிச்சமிருந்ததை நான் போக்கினேன்.

அக்காவைச் சிதம்பரத்தில் கட்டிக்கொடுத்திருந்தோம். மேல வீதியிலிருந்து பிரியும் ஒரு குறுக்குத் தெருவில் வீடு. அக்கா பள்ளிக்கூடத்தில் டீச்சர். மாமாவுக்கு சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் வேலை, காலையில் பஸ் பிடித்துப் போய் சாயங்காலம் திரும்புவார். ஒரே பெண், நாங்கள் பாப்பா என்றுதான் கூப்பிடுவோம், அப்போது ஒன்பதாவது படித்தாள்.

மாமா வாய் ஓயாத மனுஷர். தெருமுனையில் வரும்போதே "பாப்பா, கேட்டைத் தொற" என்று சத்தம் கொடுப்பார். போனில் பேசினால் போனே தேவையில்லை என்பாள் அக்கா. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பைபிள் வாசகம் வாசிப்பது அவர்தான். மைக் கெட்டுப்போன வாரம்கூடக் கடைசி பெஞ்சில் இருப்பவருக்குக் கேட்கும். என்னைச் சீண்டுவதில் அவருக்கு ஒரு தனி ருசி. "மச்சான், உங்க தொழில்ல எல்லா நோவுக்கும் ஒரே மருந்துதானா? எது வந்தாலும் ஃபார்மட் போடணும்ங்கற?" என்பார். "வேற மருந்து இருக்கு மாமா, உங்களுக்குப் பொறுமை இருக்காது" என்பேன் நான். உண்மையில் பொறுமை இல்லாதவன் நான்தான்.

2008இல் அவர் குரல் கரகரத்தது. சளி என்று மூன்று மாதம் ஓட்டினார்கள். பிறகு புதுச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்து, குரல்வளையில் கட்டி என்றும் குரல்வளையையே எடுத்தால்தான் ஆள் பிழைப்பார் என்றும் சொல்லிவிட்டார்கள். ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்தார்கள், நடுவில் ஒரு வாரம் இருந்தது. அந்த ஒரு வாரம் அவர் என்ன செய்தார் என்பது எனக்கு அப்போது தெரியாது. பின்னால் அவரே எழுதிக் காட்டித்தான் தெரிந்துகொண்டேன். அக்கா சமையலில் இருக்கும்போது கம்ப்யூட்டர் இருந்த அறையின் கதவைச் சாத்திக்கொண்டு, விண்டோஸோடு கூடவே வரும் ரெக்கார்டரில் பேசிப் பேசிச் சேமித்திருக்கிறார். அந்த ரெக்கார்டர் ஒரு நிமிடம் ஆனதும் தானாக நின்றுவிடும். வேறு வழி இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது, என்னைக் கேட்கவும் கூச்சம். ஒவ்வொரு நிமிடமாகப் பேசி 1, 2, 3 என்று வெறும் எண்ணையே பெயராகக் கொடுத்து வைத்திருக்கிறார். மொத்தம் பத்தொன்பது நிமிடம்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கழுத்தில் ஒரு துளை, அதன் வழியாக மூச்சு. தினம் கிழிக்கும் காலண்டர் தாள்களை ஒன்றாகச் சேர்த்துக் கிளிப் போட்டு, அதன் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதிக் காட்டுவார். கையெழுத்து அழகாக இருக்கும், ஆனால் ஆமை வேகம். பேச்சில் அவ்வளவு அவசரப்பட்ட மனுஷர் எழுத்தில் ஒரு கால் ஒரு கொம்பு விடாமல் எழுதுவார். சாயங்காலம் வீட்டில் செபமாலை சொல்வோம், நான் போயிருந்தால் நானும். அது ஐந்து பத்துகளாகச் சொல்கிற செபம். ஆளுக்கு ஒரு பத்து முன்சொல்ல வேண்டும். முன்சொல்கிறவர் பாதியைச் சொன்னால் மற்றவர்கள் மீதியை முடிப்பார்கள். மூன்றாவது பத்து எப்போதும் மாமாவுடையது. ஆபரேஷனுக்குப் பிறகும் அதை வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. அவர் உதடு மட்டும் அசையும், விரல் மணியை நகர்த்தும். அந்த விரலைப் பார்த்துத்தான் நாங்கள் மீதிப் பாதியைத் தொடங்குவோம்.

அடுத்த வருஷம், பள்ளிக்கூடம் திறந்து கொஞ்ச நாளில், பாப்பா போன் செய்தாள். தோழி வீட்டிலிருந்து ஏதோ ஒரு பிளேயரைக் கொண்டுவந்து போட்டாளாம், பிடிக்காமல் எடுத்துவிட்டாளாம், பாட்டெல்லாம் வெள்ளையாகிவிட்டதாம். ஒரு சனிக்கிழமை காலையில் பைக்கை எடுத்துக்கொண்டு போனேன். அக்காவுக்கு ஸ்பெஷல் கிளாஸ், பாப்பா ட்யூஷன் போயிருந்தாள். மாமா மட்டும் இருந்தார். அப்போது அந்தப் பக்கம் பன்னிரண்டு மணிக்குக் கரண்ட் போகும், இரண்டு மணிக்குத்தான் வரும். யுபிஎஸ் பேட்டரி எப்போதோ போய்விட்டிருந்தது. அதற்குள் முடித்துவிட்டுக் கடைக்குத் திரும்ப வேண்டும் என்பது என் கணக்கு.

முதலில் செய்ய வேண்டியதைச் செய்தேன். விண்டோஸ் ஒவ்வொரு முறையும் படத்தைத் தேடிக்கொண்டிருக்காது. ஒருமுறை பார்த்த படத்தை மறைவான ஒரு ஃபைலில் சேர்த்து வைத்துக்கொண்டு அதையே காட்டிக்கொண்டிருக்கும். அந்த ஃபைலை அழித்துவிட்டால் புதிதாகத் தேடிக்கொள்ளும். அழித்தேன், சிஸ்டத்தை அணைத்துப் போட்டேன், வெள்ளையாகவே வந்தது. ஐகான் அளவை முப்பத்திரண்டிலிருந்து முப்பத்து மூன்றாக்கித் திரும்ப முப்பத்திரண்டாக்கும் ஒரு தந்திரம் உண்டு, அதையும் செய்தேன். கண் சிமிட்டிவிட்டுத் திரும்பவும் வெள்ளை. எந்த வகை ஃபைலுக்கு எந்தப் படம் என்று ஒவ்வொன்றாக மாற்றும் இடத்துக்குப் போனேன். அங்கே சரியான படத்தைத் தேர்ந்தெடுத்து ஓகே கொடுத்தால் அங்கே சரியாகக் காட்டுகிறது, வெளியே வந்து பார்த்தால் வெள்ளை. மணி பத்தே முக்கால். எனக்கு மண்டைக்கு ஏறிவிட்டது.

மாமா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு தாளை நீட்டினார். "படம்தானே மச்சான், போனாப் போவுது விடு" என்று எழுதியிருந்தது. ஊருக்கெல்லாம் நான் சொல்லும் பதிலையே அவர் எனக்குத் திருப்பிச் சொன்ன மாதிரி இருந்தது. நான் சிரித்துவிட்டு, "இருங்க மாமா, ஃபார்மட் போட்டு வுட்டுட்டா பளிச்சுன்னு ஆயிடும்" என்றேன். அவரும் வாயைத் திறந்து சத்தமில்லாமல் சிரித்தார். பழைய கிண்டல் ஞாபகம் வந்திருக்கும்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் இருந்தது. சி டிரைவை அழித்து விண்டோஸைப் புதிதாகப் போடுவதற்கு முன்னால், அதில் இருக்கும் முக்கியமானதை டி டிரைவுக்கு நகர்த்திவிட வேண்டும். சாமானை ஒரு அறையிலிருந்து அடுத்த அறைக்குத் தள்ளிவிட்டு வெள்ளையடிப்பது போலத்தான். ஆனால் யாரும் ஃபைலைத் திறந்து பார்க்க மாட்டோம், நேரம் ஏது? படத்தைப் பார்த்தே பொறுக்குவோம். போட்டோ என்றால் போட்டோ படம், வேர்டு என்றால் வேர்டு படம். அப்படித்தான் பொறுக்கினேன். பாப்பாவின் ஞானஸ்நான போட்டோக்கள், அக்காவின் கேள்வித்தாள்கள், மாமாவின் ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டை ஸ்கேன் செய்தது, எல்லாம் டி டிரைவுக்குப் போயின. வெள்ளையாகிப்போன பாப்பாவின் பாட்டுகளை விட்டுவிட்டேன், என் பென்டிரைவில் அதைவிட நிறைய இருந்தது. அவற்றுக்குக் கீழே 1 முதல் 19 வரை வெள்ளைத் தாள்கள் வரிசையாக இருந்தன. பெயரும் இல்லை, படமும் இல்லை. எடுத்துவிட்ட பிளேயர் விட்டுவிட்டுப் போன குப்பை என்று நினைத்தேன். படம் தப்பாக இருக்கிறது என்று சரிசெய்ய வந்தவன், அந்தத் தப்பான படத்தையே நம்பினேன்.

மாமா என் தோளைத் தட்டினார். திரும்பாமலே "ஒரு நிமிஷம் மாமா" என்றேன். திரும்பவும் தட்டினார். பிறகு பென்சில் எழுதும் சத்தம் கேட்டது, கேட்டுக்கொண்டே இருந்தது. நான் சிடியைப் போட்டு சிஸ்டத்தை மறுபடி தொடங்கியிருந்தேன். தாளை என் கண்ணுக்கு நேராக நீட்டினார். "ஆங், சரி மாமா, பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு வாங்கிச் சட்டைப்பையில் வைத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு எழுத்துகூடப் படிக்கவில்லை. கம்ப்யூட்டர் வேலையில் ஆயிரம் யோசனை சொல்லும் வாடிக்கையாளர்களுக்கு நான் வைத்திருந்த "ஆங், சரி"யை அவருக்கும் கொடுத்தேன். பேச முடிந்த காலமாக இருந்தால் ஒரு அதட்டலில் என் கையைப் பிடித்து நிறுத்தியிருப்பார். இப்போது நான் தலையாட்டியதும் படித்துவிட்டேன் என்று நம்பி, டீ போட அடுப்படிக்கு எழுந்து போனார். நான் ஃபார்மட் கொடுத்தேன்.

எல்லாம் மளமளவென்று முடிந்தது. விண்டோஸ், தமிழ் ஃபாண்ட், ஆண்டி வைரஸ், பாப்பாவுக்காக என் பென்டிரைவிலிருந்து நிறையப் பாட்டு. பன்னிரண்டுக்குச் சொல்லிவைத்த மாதிரி கரண்ட் போனது. பாஸ்வேர்டைக் குறித்துக் கொடுக்கலாம் என்று பேனாவுக்காகச் சட்டைப்பையில் கைவிட்டபோது அந்தத் தாள் வந்தது. "வெள்ளையா இருக்குற 1 முதல் 19 வரை நான் ஆபரேஷனுக்கு முந்தி பேசி வெச்சது. அதை பத்திரமா எடுத்து வை மச்சான்" என்று எழுதியிருந்தது.

மாமா இரண்டாவது டம்ளர் டீயோடு வந்தார். என் முகத்தையும் கையிலிருந்த தாளையும் பார்த்தார். டம்ளரை மேசைமேல் வைத்துவிட்டு, தாள்கட்டை எடுத்து, "போச்சா" என்று ஒரே ஒரு சொல் எழுதினார். நான் தலையாட்டினேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து கழுத்தில் கட்டியிருந்த துணியைச் சரிசெய்துகொண்டார். பிறகு, டீ ஆறுகிறது என்று எனக்குக் கையைக் காட்டினார்.

ஹார்ட் டிஸ்கைக் கழற்றிக் கடலூருக்குக் கொண்டுவந்தேன். அழிந்ததை மீட்கும் புரோகிராம்கள் உண்டு, மூன்று நாள் கடையில் வேறு வேலை எதையும் தொடாமல் ஓட்டினேன். அழித்ததோடு நிறுத்தியிருந்தால் எல்லாம் கிடைத்திருக்கும். அதன்மேல் நான்தான் விண்டோஸையும் பாட்டையும் கொட்டியிருந்தேனே. மூன்றாம் நாள் மத்தியானம் பத்தொன்பதில் பதினேழு ஃபைல் திரும்பி வந்தது. ஒலி ஃபைலுக்கு உரிய படம் ஒவ்வொன்றின் மேலும் கச்சிதமாக இருந்தது. எனக்கு உயிர் வந்தது. முதலாவதைத் திறந்தேன், பாடாது என்றது. இரண்டாவதும் அப்படியே. ஏழாவதில் இரைச்சல் வந்தது. பதினொன்றாவதைத் திறந்தால், நான் பாப்பாவுக்காகப் போட்ட பாட்டின் நடுவிலிருந்து ஒரு துண்டு ஒலித்து நின்றது. பதினேழையும் கேட்டு முடித்தேன். ஒன்றில்கூட மாமா இல்லை. கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்து அழுதேன். ஐகான் இப்போது சரியாகத்தான் இருந்தது.

டிஸ்கைத் திருப்பிக் கொண்டுபோய் மாட்டியபோது, அதில் என்ன இருந்தது என்று மாமாவே எழுதிக் காட்டினார். அக்காவுக்குப் பன்னிரண்டு, பாப்பாவுக்கு ஐந்து. மீதி இரண்டு செபமாலையின் மூன்றாவது பத்து. ஐந்தைந்தாகப் பிரித்து, மற்றவர்கள் பதில் சொல்ல நடுநடுவே இடைவெளி விட்டுச் சொல்லியிருந்தாராம். ஆபரேஷன் ஆன முதல் ஆறு மாதம் தன் குரலைத் தானே கேட்கத் தைரியம் வரவில்லையாம். பாப்பாவின் பிறந்தநாளுக்குப் போட்டுக் காட்டலாம் என்று நினைத்தாராம், பிறந்தநாளுக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. திரும்பப் பேசிவைக்க முடியாத மனுஷரிடம் நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் நிறுத்து என்று கையமர்த்தி எழுதினார். "அக்காகிட்ட சொல்லாத. அவளுக்கு இப்படி ஒண்ணு இருந்ததே தெரியாது. தெரிஞ்சா உன்ன வாசப்படி ஏத்தமாட்டா. இருந்துச்சு போயிடுச்சுன்னு தெரிஞ்சா அவளுக்கும் கஷ்டம் ஜாஸ்தி."

எனக்கு அதைப் படித்ததும் வந்தது வருத்தம் இல்லை, நிம்மதி. தப்பித்தேன் என்று இருந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் என் மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது. சரி மாமா என்று சொல்லிவிட்டு, சொல்லாதே என்று எழுதியிருந்த அந்தத் தாளைக் கிழித்துப் போட்டேன்.

அதற்குப் பிறகு அவர் இரண்டு வருஷம் இருந்தார். நான் போகும்போதெல்லாம் பழையபடி சீண்டல் உண்டு, தாளில்தான். அக்கா அவரிடம் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசுவதைக் கவனித்தேன். அவர் எழுதி நீட்டும் தாளை அப்புறம் பார்க்கிறேன் என்று அலமாரியில் வைத்துவிடுவாள். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, வீடு என்று ஓடுகிறவளுக்குக் களைப்பு இருக்காதா என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். 2011இல் நோய் திரும்ப வந்தது. இந்த முறை யாரும் தேதி கொடுக்கவில்லை. ஆடி மாதம் போய்ச் சேர்ந்தார்.

மறுவருஷம் நவம்பரில் கல்லறைத் திருநாள் அன்று காலையில் சிதம்பரம் போனேன். கல்லறையைக் கழுவி, சாமந்தி போட்டு, மெழுகுவத்தி கொளுத்திவிட்டு வீட்டுக்கு வந்தோம். பாப்பா காலேஜ் சேர்ந்திருந்தாள், உள்ளே படித்துக்கொண்டிருந்தாள். அக்கா கால் கழுவிவிட்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். என் அக்கா எதையும் கேட்டு வாங்குகிற ரகமில்லை. சின்ன வயதில் அப்பா மிட்டாய் பங்கிடும்போது அவளை மறந்துவிட்டால், நினைவுபடுத்த மாட்டாள், ஒரு வாரம் பேசாமல் இருப்பாள். அப்படிப்பட்டவள் தானாகப் பேச்செடுத்தாள்.

"ஆபரேஷனுக்கு முந்தின வாரம் மாமா அந்த ரூம்ல கதவ சாத்திக்கிட்டுப் பேசிக்கிட்டே இருந்தாருடா. ஒரு வாரமும். நான் அடுப்படியில நின்னு சத்தத்தக் கேட்டுக்கிட்டிருந்தேன், என்னா பேசறாருன்னு புரியல. எங்களுக்காகத்தான் பதிஞ்சு வெக்கறாருன்னு நெனச்சேன். குடுப்பாரு குடுப்பாருன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். பாப்பா பொறந்த நாளு வந்துச்சு, எங்க கல்யாண நாளு வந்துச்சு, குடுக்கல. கடைசிவரைக்கும் குடுக்கல. எங்களுக்கு இல்ல போலருக்கு. வேற யாருக்கோ பேசியிருக்காரு."

"அப்படியில்லக்கா" என்றேன். அதற்குமேல் மறைக்க எனக்கு வாய் வரவில்லை. வெள்ளையாகத் தெரிந்ததிலிருந்து பதினேழு ஃபைல் வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். மாமா சொல்லாதே என்று எழுதியதையும் அந்தத் தாளைக் கிழித்ததையும் சொன்னேன்.

"எத்தினி இருந்துச்சுன்ன?"

"பத்தொம்பது."

"எனக்கு?"

"உனக்குப் பன்னண்டுக்கா."

"என்னா பேசியிருந்தாரு?"

"தெரியாதுக்கா. யாருமே கேக்கல."

"ஒண்ணுகூடக் கெடைக்கலியா?"

"இல்லக்கா."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். வெளியே போடா என்று சொல்லியிருந்தால் எழுந்து போயிருப்பேன், அதுகூட எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. புடவைத் தலைப்பில் ஒட்டியிருந்த மெழுகை நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தாள். அதை முழுக்கச் சுரண்டி எடுத்த பிறகுதான் பேசினாள்.

"பாப்பாவுக்கும் எனக்கும் சொல்ல அந்த மனுஷனுக்கு ஒரு வார்த்தை இல்லாமப் போச்சேன்னு நெனச்சு, ரெண்டு வருஷம் அவர்கிட்ட மூஞ்சி குடுத்துப் பேசலடா நானு. அவருக்குத்தான் கொரல் இல்ல. எனக்கு இருந்துச்சே."